"தெரியவருகிறது" எண்டா, ஆருக்குத் தெரியவந்த?

போன மாசம் கம்பஸ்ல படிக்கிற ஒரு தங்கச்சி தன்ட டிசர்ட்டேசன்ட முதல் அத்தியாயத்தக் கொண்டு வந்து தந்தா, வாவியில மீன்பிடிக்கிற குடும்பங்களப் பத்தின ஆய்வு, உண்மையிலேயே நல்லா எழுதியிருந்தா, ஆனா மூண்டாம் பக்கத்தில "2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை" எண்டு தொடங்கி ஒரு எண்ணிக்கை, அதுக்குக் கீழ ஏதோ ஒரு வெப்சைட்ட பேர். நான் அந்த வரியிலயே நிண்டுட்டன். ஏனெண்டா 2001ல மட்டக்களப்புல கணக்கெடுப்பு நடந்து முடியவே இல்ல. சண்டைக் காலம். அந்த வருசம் முழுசா எண்ணி முடிச்சது 18 மாவட்டம், அதில அம்பாறை இருக்கு, மட்டக்களப்பு இல்ல. 1981க்குப் பிறகு நாடு முழுக்க எடுத்த குடிசன மதிப்பீட்டில எங்கட மாவட்டம் முழுசா வந்தது 2012லதான். இடையில 31 வருசம். 2007ல கிழக்குக்கெண்டு ஒரு விசேட கணக்கெடுப்பு செஞ்சாங்க, அது வேற. ஆனபடியா 2001 எண்டு போட்டு மட்டக்களப்புக்கு எங்க எண்ணிக்கை கண்டாலும் அது குத்துமதிப்பாப் போட்ட கணக்கு, இல்லாட்டி அரைகுறையா எண்ணின கணக்கு, மாவட்டம் முழுக்க வீடுவீடாப் போய் எண்ணின கணக்கில்ல.

எனக்கு இது எப்பிடித் தெரியும் எண்டா, இதே வரிய நானும் ஒரு காலம் எழுதினன். வைவாவில, அதான் ஆய்வப் பத்தி நேர கேள்வி கேக்கிற சோதினையில, சேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "இத ஆர் எண்ணின?" எண்டு. என்னட்ட பதில் இல்ல. புத்தகத்தில இருந்த எண்டன், புத்தகத்துக்கு ஆர் குடுத்த எண்டார், அதுக்கும் பதில் இல்ல. அண்டையில இருந்து எதை வாசிச்சாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முதல் வருது: ஆர் கண்டது, ஆர் எண்ணினது? செய்தியெண்டாலும் சரி ஆய்வுக் கட்டுரையெண்டாலும் சரி, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறது இத ஒண்டத்தான், கீழ எழுதியிருக்கிற எல்லாம் அந்தக் கேள்விய ஒவ்வொரு இடத்திலயும் எப்பிடிக் கேக்கிற எண்டதுதான்.

முதல்ல செய்தி. எங்கட தமிழ்ச் செய்தியில ஒரு வசதி இருக்கு, ஆர் சொன்ன எண்டு சொல்லாமலே வசனத்த முடிக்கலாம். தெரியவருகிறது, கூறப்படுகிறது, நம்பப்படுகிறது, அறியமுடிகிறது. சின்னனில இருந்து வாசிச்சு வாசிச்சு எங்களுக்கு இது காதில உறைக்கிறதே இல்ல. நான் செய்யச் சொல்றது இதுதான்: செய்திய பிரிண்ட் எடுங்க, இல்லாட்டி கொப்பியில பாத்து எழுதுங்க, ஒவ்வொரு வசனத்திட கடைசி வினைச்சொல்லையும் பென்சிலால சுத்துங்க, பக்கத்தில இருக்கிற வெறும் இடத்தில அந்த வினைய ஆர் செஞ்ச எண்டு பேர் எழுதுங்க. "பொலிஸார் தெரிவித்தனர்" எண்டா பொலிஸ். "வைத்தியசாலை வட்டாரங்கள்" எண்டா, ஆஸ்பத்திரியில ஆரோ ஒராள், பேரில்ல. "தெரியவருகிறது" எண்டா ஒண்டும் எழுத ஏலா, வெறுமையா விடுங்க. செய்து முடிச்சிட்டுப் பாத்தா சில செய்தியில பத்து வசனத்துக்கு ஏழு இடம் வெறுமையாக் கிடக்கும். அந்த ஏழையும் உங்கட ஆய்வில உண்மையெண்டு எழுதக் கூடாது. மிஞ்சிப்போனா "இப்பிடி ஒரு செய்தி வெளியான" எண்டு எழுதலாம், அவ்வளவுதான்.

பேர் எழுதின இடத்திலயும் இன்னொரு கேள்வி இருக்கு, அந்த ஆளுக்கு அது தெரிய வாய்ப்பிருக்கா? ஒரு விபத்தெண்டு வைங்க. என்ன முறைப்பாடு வந்த, எத்தின மணிக்கு வந்த எண்டது பொலிசுக்குத் தெரியும். காயம் என்ன எண்டது ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ஆரில பிழை எண்டது ரெண்டு பேருக்கும் அந்த நேரம் தெரியாது, அது கோட்டுக்குப் போய் முடியிற விசயம். ஆனா செய்தியில எல்லாம் ஒரே மூச்சில வரும். "சந்தேக நபர்" எண்டு முதல் பந்தியில எழுதினவர அஞ்சாவது பந்தியில "குற்றவாளி" எண்டு எழுதியிருப்பாங்க, நடுவில வழக்கே நடந்திருக்காது. அந்தச் சொல்லு மாறுற இடத்தக் கண்டுபிடிக்கப் பழகுங்க, அதப் பாத்தாலே எழுதினவர் எவ்வளவு கவனமா எழுதுறவர் எண்டு விளங்கிரும்.

வெள்ளச் செய்தியில இது இன்னும் நல்லா விளங்கும், ஒவ்வொரு மாரிக்கும் வெல்லாவெளி, கிரான் பக்கம் தண்ணி ஏறுறது எங்களுக்குப் புதுசில்ல. எத்தின மில்லிமீற்றர் மழை எண்டு சொல்ல வேண்டியது வளிமண்டலவியல் திணைக்களம். உன்னிச்சைக் குளத்து வான்கதவு எத்தின அடி திறந்த எண்டு சொல்ல வேண்டியது நீர்ப்பாசனத் திணைக்களம். எத்தின சனம் இடம்பெயந்த எண்டு சொல்ல வேண்டியது பிரதேச செயலகமும் கச்சேரியும் (மாவட்ட செயலகம்), அவங்கட கணக்குத்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திட அறிக்கைக்குப் போகுது. அந்த அறிக்கையில குடும்பம் எத்தின, ஆக்கள் எத்தின எண்டு ரெண்டு நிரல் தனித்தனியா இருக்கும். செய்தி எழுதுறவர் அவசரத்தில குடும்பத்த ஆக்களெண்டு எழுதினா எண்ணிக்கை மூண்டில ஒண்டு, நாலில ஒண்டாக் குறைஞ்சிரும், மாறி எழுதினா பெருகிரும், நான் ரெண்டையும் கண்டிருக்கன். ஆனபடியா எண்ணிக்கை எண்டா செய்தியோட நிக்காம அறிக்கையப் போய்ப் பாருங்க, நெட்டில எடுக்கலாம், தேதியும் நேரமும் மேல போட்டிருப்பாங்க, பின்னேரம் வந்த அறிக்கையில எண்ணிக்கை மாறியிருக்கும், எந்த நேரத்து அறிக்கை எண்டு குறிச்சு வைங்க.

மறுகா, அஞ்சு சைட்டில ஒரே செய்தி வந்தா அஞ்சு சாட்சி எண்டு நினைக்காதீங்க. ஒரு ஊர்ப் பேர முதல் ஆள் பிழையா எழுதினா, மத்த நாலு சைட்டிலயும் அதே எழுத்துப்பிழை அப்பிடியே கிடக்கும். அது ஒரு சாட்சிதான், அஞ்சு வாயால வருது. எழுத்துப்பிழைய அப்பிடியே கொப்பி பண்ணி, ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு கூகுள்ல தேடுங்க, வந்ததுகள நேரப்படி அடுக்குங்க, முதல் எழுதினது ஆர் எண்டு கிட்டத்தட்டப் பிடிச்சிரலாம். படம் எண்டா கூகுள் லென்ஸ். 2011 ஜனவரி வெள்ளத்தில எடுத்த படங்கள் எத்தின மாரிக்கு கிறுகிக் கிறுகி வந்த எண்டு எனக்குக் கணக்கில்ல. லென்ஸ் கைகுடுக்காட்டி படத்தப் பெருசாக்கிப் பாருங்க, கடைப் பலகை, பஸ்ஸில இருக்கிற ஊர்ப் பேர், பின்னால தெரியிற பாலம். கல்லடியில பழைய பாலம் மட்டும் நிக்கிற படமெண்டா அது புதுப் பாலம் கட்டுறதுக்கு முந்தினது, இத உங்களவிட ஆர் கெதியாப் பிடிப்பாங்க?

இனி, அம்பாறை. இத எழுதாம இந்த விசயத்த எழுத எனக்கு மனசு வராது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுன்ல ஒரு முஸ்லிம் ஆளிட சாப்பாட்டுக்கடையில கறிக்குள்ள ஒரு கட்டி கிடந்ததெண்டு சண்டை வந்து, அது மலட்டு மாத்திரை எண்டு கதை பரவி, கடையையும் பள்ளிவாசலையும் அடிச்சாங்க. கடைக்காரர் தானே ஒத்துக்கொள்ற மாதிரி ஒரு வீடியோவும் போன. அந்த வீடியோ பொய்யில்ல, எடிட் பண்ணினதுமில்ல. ஆனா அவரிட்ட கேட்டது சிங்களத்தில, அவருக்கு சிங்களம் சரியா வராது, சுத்தி நிக்கிற கூட்டத்துக்கு நடுவில விளங்காமலே ஓம் எண்ட மாதிரிச் சொன்னார். மறுகா அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதிச்சுச் சொன்னது, அது மாக்கட்டி. அதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிட்டு. மார்ச்சில கண்டிப் பக்கம் கலவரம், பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுக்க முடக்கினாங்க, 2020ல பேஸ்புக் கொம்பனி அந்த நேரம் தங்கட தளத்தில நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்ட.

இதில ஆய்வு செய்றவங்களுக்கு இருக்கிற விசயம் என்னெண்டா, மூலமே கையில கிடைச்சாலும் அது போதாது. வீடியோ உண்மையா எண்டு மட்டும் பாத்தா அது உண்மைதான். என்ன மொழியில கேட்ட, கேட்டவர் ஆர், பதில் சொன்னவருக்கு கேள்வி விளங்கினதா, கமராவுக்கு வெளிய ஆர் நிண்ட? நீங்க கேள்விக்கொத்து குடுத்து பேட்டி எடுக்கப் போற இடத்திலயும் இதே கேள்விகள் உங்களுக்கும் வரும். வாகரைப் பக்கம் போய் புத்தகத் தமிழில கேட்டு, அந்த மனிசர் மரியாதைக்கு ஓமெண்டு தலையாட்டினத டேட்டா எண்டு எழுதக் கூடாது.

இப்ப ஆய்வுப் பக்கம். இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் எங்கட பாடும் மீன், நிலவு நேரம் மட்டக்களப்பு வாவியில கேக்கிற சத்தத்த மீன் பாடுறதெண்டு சொல்ற கதை. "விஞ்ஞானிகள் நிரூபிச்சது" எண்டு எத்தினையோ இடத்தில இருக்கு, எந்த விஞ்ஞானி எண்டு தேடிப் போனா ஒராள் இன்னொராளக் காட்டுவார், அவர் வேறொராளக் காட்டுவார், இப்பிடியே பின்னுக்குப் போனா கன தேடல் எமர்சன் டெனன்ட்டில போய் நிக்கும். இலங்கையில கொலோனியல் செக்ரட்டரியா இருந்த வெள்ளைக்காரர், 1848 செப்டம்பர்ல மட்டக்களப்புக்கு வந்து, நிலவு ஏறின பிறகு கோட்டை வாசல் ஜெட்டியில இருந்து தோணியில போய், தோணிப் பலகையில காத வச்சா சத்தம் கூடக் கேக்குது எண்டெல்லாம் எழுதி 1859ல புத்தகமாப் போட்டவர். அவர் எழுதினத நேர வாசிச்சா என்ன இருக்கு தெரியுமா, சத்தம் போடுறது மீனெண்டு அவருக்கு மீன்பிடிகாரர் சொல்லல்ல. ஊரி, அதான் நத்தை மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கிற உயிர், எண்டுதான் சொன்னாங்க, ஊரியப் பிடிச்சும் குடுத்தாங்க. அவருக்கும் மீனவிட ஊரியிலதான் சந்தேகம். அவர மேற்கோள் காட்டி மீன் பாடுறதெண்டு எழுதினவங்கள்ல எத்தின பேர் அந்தப் பக்கத்த விரிச்சுப் பாத்திருப்பாங்க? பாடும் மீன் எங்கட அடையாளம், பாட்டில இருக்கட்டும், சின்னத்தில இருக்கட்டும், எனக்கும் அது விருப்பம். ஆனா டிசர்ட்டேசன்ல எழுதேக்க அவர் என்ன சொன்னாரோ அதத்தான் எழுத வேணும். ரெபரன்ஸ் போட முதல் அந்தப் பக்கத்த உங்கட கண்ணால பாருங்க, அந்தப் பக்கம் கிடைக்காட்டி ஆர் சொல்லித் தெரியுமோ அவரயும் சேத்துப் போடுங்க.

விக்கிபீடியாவ நான் வேணாமெண்டு சொல்றதில்ல. கீழ இருக்கிற அடிக்குறிப்புக்காகப் போங்க, அதில இருந்து மூலத்துக்குப் போங்க, விக்கிய மேற்கோள் காட்டாதீங்க.

ஜேர்னல், அதான் ஆய்வுக் கட்டுரை வாற சஞ்சிகை, அந்தக் கதை கொஞ்சம் கஷ்டம், ஏனெண்டா இங்க தோற்றம் நல்லாத்தான் இருக்கும். "இன்டர்நேஷனல் ஜேர்னல்" எண்டு பேர், ஐஎஸ்எஸ்என் நம்பர், டிஓஐ, ஏதோ ஒரு இம்பெக்ட் பெக்டர் (அதில வாற கட்டுரைகள மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டுறாங்க எண்ட கணக்கு). ஐஎஸ்எஸ்என் எண்டது அடையாள நம்பர் மாத்திரம், தரத்துக்குக் குடுக்கிற சேர்டிபிகேட் இல்ல. டிஓஐயும் அப்பிடித்தான், அது கட்டுரைட விலாசம், வீட்டுக்கு நம்பர் இருக்கெண்டா அந்த வீட்டுக்காரர் நல்லவர் எண்டு அர்த்தமில்ல. 2013ல சயன்ஸ் சஞ்சிகைக்காக ஜோன் பொஹனன் எண்டவர் வேணுமெண்டே பிழைகள் வச்சு ஒரு பொய்யான புற்றுநோய் மருந்துக் கட்டுரைய 304 ஜேர்னலுக்கு அனுப்பினார், 157 ஏத்துக்கொண்ட. காசு வாங்கிப் போடுற இடங்கள் அது, எங்கட பிள்ளைகளுக்கும் இப்ப ஈமெயில் வருது, "மூண்டு நாளில ரிவியூ, காசு கட்டினா பப்ளிஷ்" எண்டு. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரைய ஒழுங்கா வாசிச்சு குறை நிறை எழுத மூண்டு நாள் காணாது, மாசக்கணக்கில போகும். நான் பாக்கிற முறை: அந்த ஜேர்னல்ட எடிட்டர் பட்டியல்ல ரெண்டு பேர எடுத்து, அவங்கட கம்பஸ் பக்கத்தில அந்த ஜேர்னல்ட பேர் இருக்கா எண்டு பாப்பன். கட்டணம் எவ்வளவு எண்டு வெளிப்படையாப் போட்டிருக்கா எண்டு பாப்பன். ஆரும் காசில்லாம வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க ஜேர்னல் எண்டா, அப்பிடியான ஜேர்னல்களப் பாத்துச் சேக்கிற டிஓஏஜே பட்டியல்ல தேடுவன். பழைய மூண்டு கட்டுரைய எடுத்து முறையியல் பகுதிய மட்டும் வாசிப்பன், அது கடைசிதான் எண்டாலும் மத்த எல்லாத்தயும்விட அதுதான் கனக்கச் சொல்லும். இலங்கை ஜேர்னல்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்டு ஒரு இடம் இருக்கு, தமிழ்ப் பழைய நூல், பத்திரிகை எண்டா நூலகம் இணையத்தளம் இருக்கு, 2005ல இருந்து ஸ்கேன் பண்ணிப் போட்டு வாறாங்க, அங்க தேடாம "தமிழில ஒண்டும் இல்ல" எண்டு எழுதாதீங்க.

நல்ல ஜேர்னல் எண்டாலும் கேள்விய விடக் கூடாது. லான்செட் எண்டா உலகத்திலயே பேர்போன மருத்துவ ஜேர்னல். 2020 மே 22ல ஹைட்ரொக்சிகுளோரோகுயின், அதான் கொரோனாவுக்குக் குடுத்துப் பாத்த மலேரியா மருந்து, அதப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க, 96,000 நோயாளிகளுக்கு மேல எண்டு சொன்னாங்க, உலக சுகாதார நிறுவனமே அதப் பாத்து அந்த மருந்துச் சோதனைய நிப்பாட்டி வச்ச. அந்த டேட்டாவ வச்சிருந்த கொம்பனி அத ஒருத்தருக்கும் காட்ட மாட்டம் எண்டிட்டு, எழுதினவங்கள்ல மூண்டு பேருக்கே அதச் சரிபாக்க ஏலாமப் போன, ஜூன் 4ல கட்டுரைய வாபஸ் வாங்கினாங்க. இதே லான்செட்டிலதான் 1998ல 12 பிள்ளைகள வச்சு எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடுத்த கட்டுரை வந்த, அத வாபஸ் வாங்க 2010 ஆன. இண்டைக்கும் அத ஆரோ ஒருத்தர் வட்ஸ்அப்ல அனுப்புறார். ஆனபடியா ஒவ்வொரு முக்கியமான கட்டுரையையும் எழுதுறதுக்கு முதல் அதுட சொந்தப் பக்கத்துக்குப் போய் மேல "ரிட்ராக்டட்" எண்டு கிடக்கா எண்டு பாருங்க. டவுன்லோட் பண்ணி ரெண்டு வருசம் போன்ல கிடந்த பிடிஎப்ல அது தெரியாது.

சட்ஜிபிடி மாதிரி ஏஐ தாற ரெபரன்ஸ் பத்தி நிறையப் பேர் கேக்கிறாங்க. பேர், வருசம், ஜேர்னல் எல்லாம் ஒழுங்கா இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில இருக்காது. 2023ல நியூயோர்க்ல சட்டத்தரணிமார் அப்பிடி இல்லாத வழக்குகளக் கோட்டில குடுத்து 5,000 டொலர் தண்டம் கட்டினாங்க. தலைப்ப அப்பிடியே கூகுள் ஸ்கொலர்ல போடுங்க, டிஓஐய டிஓஐ தளத்தில போடுங்க, வேற கட்டுரைக்குப் போனா, இல்லாட்டி ஒண்டும் வராட்டி, அந்த வரிய வெட்டுங்க.

வாய்மொழிக் கதைய சில லெக்சரர்மார் மூலமாவே எடுக்க மாட்டாங்க, எனக்கு அது சரியாப் படல்ல. எங்கட அம்மம்மா 1978 நவம்பர் 23 சூறாவளிய சொல்லேக்க, கூரை போன பிறகு பிள்ளைகள நெல்லுப் பெட்டகத்துக்குக் கீழ தள்ளிப்போட்டு விடியும்வரை அதப் பிடிச்சுக்கொண்டு இருந்தத சொல்லுவா, விடிஞ்சு பாத்தா தென்னை எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்ததெண்டு சொல்லுவா. அது அவ கண்டது, அதுக்கு அவவிட நல்ல சாட்சி இல்ல. காத்திட வேகம் எவ்வளவு, மாவட்டம் முழுக்க எத்தின பேர் செத்த எண்டும் அவ சொல்லுவா, அது அவ கேள்விப்பட்டது. ரெண்டையும் வேற வேற பக்கத்தில எழுதுங்க. சுனாமியும் அப்பிடித்தான், இலங்கையில ஆகக் கூட உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில, 10,000க்கு மேல, ஆனா ஒரு அறிக்கையில இறந்தவங்க மட்டும் இருக்கும், இன்னொண்டில காணாமப் போனவங்களும் சேந்திருக்கும், ரெண்டு அறிக்கைக்கும் எண்ணிக்கை ஒத்துவராட்டி ஆரோ பொய் சொல்றாங்க எண்டு முடிவெடுக்க முதல் ஆர எண்ணினாங்க எண்டு பாருங்க. காணாமப் போனவங்களுக்கு இன்னும் விளக்கு வைக்கிற வீடுகள் இருக்கிற ஊரில அந்த எண்ணிக்கைய அசட்டையா எழுதக் கூடாது.

நெட்டில எங்கயும் இல்லாத தகவல் எண்டா, போய்க் கேளுங்க. 2016ட 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ல இருந்து நடைமுறையில இருக்கு. பிரதேச செயலகம், கல்வி வலயம், நீர்ப்பாசனம், எந்த அரச ஒபிஸ் எண்டாலும் தகவல் உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருக்க வேணும், ஏன் கேக்கிறீங்க எண்டு நீங்க காரணம் சொல்லத் தேவையில்ல, குடுப்பமா இல்லையா எண்ட முடிவ 14 வேலை நாளுக்குள்ள சொல்ல வேணும். கடிதத்தில வருசத்தயும் பிரதேசத்தயும் தெளிவாப் போடுங்க, "மீனவர் விபரம் வேணும்" எண்டு கேட்டா ஒண்டும் வராது, "2015 தொடக்கம் 2020 வரை மண்முனை வடக்கில பதிவு செய்த மீன்பிடித் தோணிகளின் எண்ணிக்கை, வருசவாரியாக" எண்டு கேட்டா வரும். கடிதம் குடுத்த தேதிக்கு பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீங்க.

அந்தத் தங்கச்சிக்கு நான் குடுத்தது ஒரு எண்பது பக்கக் கொப்பி. ஒரு பக்கத்துக்கு ஒரு தகவல், மேல தகவல், கீழ நாலு கோடு: ஆர் கண்டது அல்லது எண்ணினது, எப்ப, நான் அத எங்க பாத்த, நானே மூலத்தப் பாத்தனா. 2001 வரிய வெட்டிப்போட்டு 1981க்கும் 2012க்கும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கா, நடுவில ஒரு பக்கத்த வெறுமையா விட்டு "இந்தக் காலத்தில குடிசன மதிப்பீடு முடியவில்லை, காரணம் யுத்தம்" எண்டு மட்டும் எழுதியிருக்கா. அந்தப் பக்கத்த அப்பிடியே டிசர்ட்டேசன்ல ஒரு பந்தியாப் போடச் சொல்லியிருக்கன்.